அருவிக்குப் பெரட்டு

"யாரும் பேசப்படாது. பேர் கூப்பிட்டா மட்டும் வாயத் தொறக்கணும்" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மண்டபத்தைப் பார்த்தார் கிரகரி. "ஜெனட்?"

"இருக்கேன், கிராணி."

"மகேன்?"

"இருக்கேன் லா."

"லா போடறதெல்லாம் வெளிய. இங்க 'இருக்கேன்' மட்டும்தான்."

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று லயத்து வீடுகளிலிருந்து பதினாலு பேர் எஸ்டேட் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு ஒரு நாள் போய்வருவது பற்றிய ஐந்தாவது கூட்டம் இது. அருவி ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. மலையை விட்டு இறங்கும் தாப்பா ரோட்டில், மகேனின் ஸ்கூல் வேனில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும்.

ஆனால் திட்டம் இல்லாமல் இந்தக் கூட்டத்தை அவிழ்த்துவிட முடியுமா? முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து இவர்களை மேய்த்தவர் கிரகரி. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசையில், பவ்யமாகப் பேர் கொடுத்துவிட்டு, அப்புறம் தேயிலைச் செடிக்குள் படுத்துத் தூங்குகிற ஜாதி இது என்பது அவருக்குத் தெரியும்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. புது மேனேஜர் அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆபீஸ் பையன்கள் "அங்கிள்" என்கிறார்கள். இந்த ஒரு பயணம் அவர் போட்ட திட்டப்படி நடந்து முடிந்தால், நாற்காலி போனாலும் கிராணி கிராணிதான் என்று லயம் ஒப்புக்கொள்ளும். நடக்காவிட்டால் அவரும் ஒரு அங்கிள்தான்.

"விதி ஒன்பது" என்று வாசித்தார். "வாந்தி எடுக்கிறவங்க எல்லாம் இடது பக்க ஜன்னல். வளைவு வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும்."

"வளைவுலதானே கிராணி வாந்தி வரும்? முன்னாடியே எப்படித் தெரியும்?" என்றாள் ஜெனட்.

"அதுக்குத்தான் படிச்சிருக்கணும்ங்கறது. விதி பத்து. ஆம்பளைங்க ஒன்பதுலேர்ந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் குளிக்கலாம். அப்புறம் பொம்பளைங்க. நான் விசில் அடிச்சா தண்ணிய விட்டு ஏறிடணும்."

"சோப்பு போட்டுக்கிட்டு இருந்தா?"

"போட்ட சோப்போட ஏறணும்."

அருவி என்பது என்ன? மேலிருந்து கீழே, யாரையும் கேட்காமல் விழுகிற தண்ணீர். மேற்பார்வையே இல்லாத அந்தத் தண்ணீர்மீது கிரகரிக்கு ஏற்கெனவே மரியாதை இல்லை.

"விதி பதினொண்ணு. சாப்பாடு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அவங்கவங்க கையில."

கொழுந்துக் கங்காணி முருகையா கையைத் தூக்கினார். "பிளாஸ்டிக் பை வேணாம் கிராணி. பையக் கண்டா குரங்கு வந்து பிடுங்கிடும். மூடி போட்ட டப்பாதான் நல்லது."

"உன் பைய அது ஏன்யா பிடுங்கப் போவுது? சொந்தக்காரன்னு விட்டுடும்."

மண்டபம் சிரித்தது. அந்தக் கிண்டலுக்குச் சிரிக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. மகேன் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நாற்காலிக்கு அடியில் போய்ச் சிரித்தான். தன் நாக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று கிரகரிக்குப் பெருமையாக இருந்தது.

இருபத்து மூன்றாம் விதி முடிந்தபோது வெளியே பனி இறங்கி, எதிர்ச் சரிவுத் தேயிலை பாதி காணாமல் போயிருந்தது. கிரகரி காகிதங்களை மேஜையில் தட்டி அடுக்கினார். தொண்டையைக் கனைத்தார்.

"தேதி வச்சாச்சு. வர்ற சனிக்கிழமை. காலைல ஆறு மணிக்கு வேன் கிளம்புது."

கைதட்டல் வரும் என்று ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்தார். வரவில்லை. ஜெனட் முருகையாவைப் பார்த்தாள். முருகையா கூரையைப் பார்த்தார்.

"என்ன, சந்தோஷப்படறதுக்கும் விதி போடணுமா?" என்று எரிந்து விழுந்தார் கிரகரி. "பொறந்ததுலேர்ந்து பஸ் ஜன்னல்ல பாத்த தண்ணி. இப்பத்தான் முதல் தடவையா இறங்கிக் கால் நனைக்கப் போறீங்க. அதுவும் நான் ஒருத்தன் இருக்கறதால."

"ஆமா கிராணி" என்றது மண்டபம், ஒரே குரலில். பெரட்டுக் குரல்.

அது போதும் அவருக்கு. கடைசி வரிசையில் தேத்தண்ணிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி பக்கம் திரும்பினார். லூர்தம்மாள் ஐந்து கூட்டத்திலும் வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அதை அவர் தன் நிர்வாகத் திறமையில் சேர்த்திருந்தார்.

"ஏய், கேட்டுக்க. நாசி லெமாக் சோறு பதினாறு பேருக்கு. சனிக்கிழமை விடியல்ல நாலு மணிக்கே எழும்பிக் கட்டிடணும்."

லூர்தம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜெனட் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதை அவள் பார்க்கவில்லை.

"மறுபடியுமா? போன மாசம் நீங்க கண்ணு காட்ட ஈப்போ போன அன்னிக்குத்தானே எல்லாரும் போய்க் குளிச்சிட்டு வந்தோம்!"