அணில் பிடித்த முதல் சுரம்

அணிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒரு சுரமாவது சுத்தமாக வாசித்துக் காட்டினால்தான் மைனா அணிலைத் தன் ‘ப்ளூஸ்’ என்னும் சோகப் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளும். அணில் தன் மவுத் ஆர்கனை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்தி ஊதித் தள்ளியது.

“இப்படி ஊதுறியே, நான் என்ன அடுப்பா?” என்றது மவுத் ஆர்கன். “ஒரு துளையில நில்லு. சோகப் பாட்டுக்கு மூச்சை உள்ள இழுக்கணும்.”

“அதுக்கெல்லாம் எங்க நேரம்? இருட்டப் போகுது!”

ஊதி ஊதி அணிலுக்குத் தலை சுற்றியது. இனி முடியாது என்று ஒரு துளையில் வாயை வைத்தபடியே சாய்ந்து, நீளமாக மூச்சை இழுத்தது. விம்மலாக ஒரு சுரம் எழுந்தது.

“யாருப்பா அது வாசிக்கிறது?” மரத்திலிருந்து மைனா கேட்டது.

‘நான்தான்’ என்று சொல்ல அணிலுக்கு ஆசைதான். வாயை எடுத்தால் சுரம் போய்விடுமே என்று நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டே இருந்தது.