மான் நடந்து வந்த தூரம்

பரீட்சையில் தேறி அனுமதிச் சீட்டு வாங்காமல் இனி யாரும் பிறர் கைகாலை நீவிவிடக் கூடாது என்று காட்டுச் சபை சட்டம் போட்டது. கரடிக்குப் பொறுக்கவில்லை.

“பதினைஞ்சு வருஷமா வைத்தியம் பாக்குறேன். எனக்கே பரீட்சையா?” என்று சபையில் உறுமியது.

“உங்களிடம் குணமானவர்கள் யாராவது உண்டா?” என்று கேட்டது தலைமை நாரை.

“நான் இருக்கேங்கய்யா!” கடைசி வரிசையில் புள்ளிமான் எழுந்தது. “பிசகின காலை அண்ணன்தான் சரி பண்ணினாரு. இப்ப வலியே இல்லை.” சொல்லிக்கொண்டே முன்னால் வந்தது.

வைத்தியத்துக்குப் படுத்திருந்த மானைத்தான் கரடிக்குத் தெரியும். அது நடந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தது. ஒவ்வொரு அடிக்கும் மானின் பின்னங்கால் மண்ணில் கோடு இழுத்தது.

மான் முன்னால் வந்து சேர வெகுநேரம் ஆனது.

“பரீட்சை எப்போங்க?” என்றது கரடி.