புல்வெளியில் நட்ட கல்

ஆள்காட்டிக் குருவி, வானம் இடிந்து விழுமென்று அஞ்சி மல்லாந்து தூங்கும் என்பது பெரும்பிழை. அது அஞ்சுவது சர்வே கல்லுக்கு.

புல்வெளியில் புதிதாக நட்ட கல் சொன்னது: "என்னைவிட உயரமாக இங்கே எதுவுமில்லை. தரிசுதான். நாளை டிராக்டர் வந்து உழுதுவிடும்."

"என் நான்கு முட்டைகள் உங்கள் காலடியில் இருக்கின்றன, ஐயா. கொஞ்சம் குனிந்து பாருங்களேன்," என்றது குருவி.

"குனிவது என் வேலையில்லையம்மா."

காற்று நின்றது. ஆனாலும் புல் அசைந்தது. நகமளவு ஊதாப் பூக்களுக்கிடையே ஒவ்வொன்றாகக் கண்கள் தெரிந்தன. முயல், காடை, ஓணான், நரி. காலையிலிருந்தே அவை கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தனை பேர்?" என்று கல் மெதுவாகக் கேட்டது.

"எண்ணுங்கள். அவர்களுக்கு அவசரமில்லை."

மறுநாள் டிராக்டர்காரர் கல்லைத் தேடிக் காணாமல் திரும்பிப் போனார். குருவி ஐந்து முட்டைகளை அடைகாத்தது. ஒன்றுக்கு மட்டும் மூலைகளும், வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண்ணும் இருந்தன.