இரண்டாவது கோடு

இரண்டாவது கோடு மட்டும் வந்துவிடக் கூடாது. வீரமலை கண்ணை இறுக மூடிச் சமயபுரத்தாளைக் கூப்பிட்டார். மகள் பானுப்ரியா பிறப்பதற்கு முன் இதே மாதிரி ஒரு குச்சியில் ரெண்டு கோடு கேட்டு மொட்டை நேர்ந்துகொண்டவர்தான். இன்றைக்கு மனு மாறிவிட்டது.

இந்தக் குச்சி முங்கியிருந்தது, அவருடைய பருத்திக் காட்டில் பறித்த இலையை நசுக்கிய தண்ணீரில். பிடித்திருந்தவர் விதைக் கம்பெனி அதிகாரி தேசிக். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீப்பில் வந்து, துறையூர்ப் பக்கம் காடு காடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க லேப்ல மரபணு மாத்தின விதைங்க. இன்னும் அனுமதி கிடைக்கல, அதுக்குள்ள எவனோ திருடி விக்கிறான். களைக்கொல்லி அடிச்சா சாதாரணப் பருத்தி கருகிடும், இது அசையாது. ரெண்டு கோடு வந்தா அதுதான். விதைச்சவர் மேல போலீஸ் கேஸ்."

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" வீரமலையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பஸ் ஸ்டாண்டில் பில் இல்லாமல் அவருக்கு விதைப் பாக்கெட் விற்றவனும் களைக்கொல்லிக்கு அசையாது என்றுதான் சொன்னான். அவன் கொஞ்சம் இனிப்பாகச் சொன்னான், அவ்வளவுதான்.

"அங்க டேங்க்கை மாட்டிக்கிட்டு யாரு?"

"நம்ம வீட்டுலதாங்க, பொன்னுத்தாய். விடிஞ்சதுலேர்ந்து மருந்து அடிக்குது."

தேசிக் தலையாட்டிவிட்டு வாட்சைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம்."

முதல் கோடு எழுந்தது. வீரமலைக்கு அங்கேயே ஜெயில் களி மணத்தது. மொட்டையோடு ஒரு தீச்சட்டியும் சேர்த்துக்கொள் தாயே என்றார்.

தேசிக் குச்சியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். நெற்றித் திருமண் மடிய, முகம் சிரிப்பாக விரிந்தது.

"ஒரே கோடு. சுத்தமான சாதாரணப் பருத்தி. ஏன் இப்படி வேர்த்துட்டீங்க? போயிட்டு வரேன்."

ஜீப் புழுதி அடங்கும் வரை வீரமலை கும்பிட்ட கையை இறக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட்காரன் போலி விதையைத் தலையில் கட்டியிருக்கிறான்! உலகத்திலேயே முதல்முறையாக, ஏமாந்த ஒருவன் ஏமாற்றியவனை வாயார வாழ்த்தினான்.

பொன்னுத்தாய் காலி டேங்க்கோடு வரப்பில் ஓடிவந்தாள். ஜீப் போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, புருஷன் காதருகே பெருமையாகக் கிசுகிசுத்தாள்.

"அந்தாளு எதிரிலேயே, ரெண்டு ஏக்கருக்கும் களைக்கொல்லியை அடிச்சு முடிச்சிட்டேங்க!"