ஆரினுக்கு ஒரு மலிவு வில்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வில்லால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்க இன்னும் இரண்டே நாள். கணவன் ஆரினுக்குப் பரிசாக, கப்பி வைத்த காம்பவுண்டு வில் வாங்கக் கடைக்கு வந்த லவோன், அறுநூறு டாலர் வில்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முந்நூறுக்குள்ள காட்டுப்பா."

கடைக்காரர் டுவேன் அரைமனசாக ஒன்றை எடுத்தார். "இது புதுசா பழகுறவங்களுக்கு. மான் பக்கத்துல வந்து நின்னாத்தான் அடிக்க முடியும்."

"இதுவே போதும்."

டுவேனுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, உங்களுக்காக அந்த நல்ல வில்லையே முந்நூறுக்குத் தர்றேன். முதல் நாளே மான் வீட்டுக்கு வந்துடும்."

"வேண்டாம்ப்பா."

"ஆரின் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

லவோன் பெருமூச்சு விட்டாள். "ரிட்டயர் ஆனதுலேருந்து மனுஷன் கிச்சனை விட்டு நகரல. உப்பு டப்பாவை எங்க வைக்கணும்னு எனக்கே பாடம் எடுக்கிறார். வில் சீசன் ஜனவரி வரைக்கும் இருக்கு. ஆனா அவர்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு மானுக்குப் பர்மிட். அதை முதல் நாளே அடிச்சிட்டா, மறுநாள் காலையில எங்க வந்து உட்காருவார்னு நினைக்கிற?"

டுவேன் சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள இதைவிட மோசமா ஒண்ணு கிடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"