மின்னி சொன்ன பெயர்

அந்தக் காலத்து வீடியோ கேம் பிராணிகளுக்கு இருந்த அதே விதிதான், இப்போது வீட்டுக்கு வீடு உயிரோடு திரியும் இந்தக் குட்டிகளுக்கும். இன்னொருவரிடம் கைமாறினால்தான் இறக்கை முளைக்கும். தன் குட்டியான கொம்பனை எட்டு வருடமாக மனைவி இளவேனிலிடம்கூட மாற்றிக்கொள்ளாத கபிலன், ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது, அவளுடைய குட்டி மின்னி இறக்கையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தது.

“யாருகூட மாத்துன?”

“ஆபீஸ்ல ஸ்டீபன்கூட. நேத்துதான் திருப்பி வாங்குனேன். உங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன்? நீங்கதான் முடியவே முடியாதுன்னீங்க.”

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

இருக்கிற வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சைத்தான் குட்டிகள் பிடித்துக்கொள்ளும். மின்னி இறக்கையை விரித்து, ஓர் ஆணின் குரலில், மெதுவாக, “இளவேனில்” என்றது.

தனியாகக் குடியிருக்கும் ஸ்டீபன் அந்தப் பெயரை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்?

கபிலன் கொம்பனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். “நீ சொல்லுடா, அவ பேர.”

கொம்பன் அச்சு அசலாகக் கபிலனின் குரலில், “ஏய், காபி எங்கடி?” என்றது.

“இதோ கொண்டாறேங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.