கணுக்கால் பிடி

மாநிலப் பெண்கள் கபடி அணியை இப்போது மைதானத்தில் வைத்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வருடா வருடம் எங்கள் கம்பெனி வெளியிடும் கபடி வீடியோ கேமில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மதிப்பெண்ணைப் போடுகிறவன் நான்.

இந்த வருடம் நான் ஓர் ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. கேமில் வீராங்கனைகளின் பனியன் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு, போன வருட மதிப்பெண்களையே அப்படியே விட்டேன். போன வருடம் என் தங்கை செண்பகவல்லி முட்டி விலகிப் படுத்திருந்தாள். அப்போது நூற்றுக்குப் போட்ட நாற்பத்திரண்டு இந்த வருடமும் அப்படியே போனது. அணியில் அவள் பெயர் இல்லை.

காலையில் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை.

"அண்ணே, எல்லா ஆட்டத்தையும் பாத்துத்தானே போட்டிருப்ப? என் பிடி எங்க தளருதுன்னு நீயே சொல்லு."

சொல்லிக்கொண்டே தரையில் பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தாள்.

"இழுத்துப் பாருண்ணே."

இழுத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டும் இழுத்துப் பார்த்தேன். கால் ஓர் அங்குலம் நகரவில்லை. அவள் கீழேயிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் லூசாத்தான் இருக்கு" என்றேன்.

"சரிண்ணே" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.